போர்டோ கலவை தெரியும்... அதைத் தந்தவர் சுண்ணாம்பு மண்ணோடு போராடிய கதை தெரியுமா?

மொட்டை மாடியில் வைத்த ரோஜாச் செடி திடீரென மஞ்சளாகிறது. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எல்லாம் வெளிறல். அதுவும் புதுத் தளிரில்தான் முதலில் வரும். உரம் போட்டாலும் மாறாது. நர்சரிக்காரரிடம் போட்டோவைக் காட்டினால், என்ன உரம் போட்டோம் என்று கேட்க மாட்டார், என்ன தண்ணீர் ஊற்றுகிறோம் என்றுதான் கேட்பார். போர் தண்ணீர் என்றால் அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

இதற்குப் பெயர் பச்சைச் சோகை. மண்ணில் இரும்பு இல்லாததால் வருவதில்லை. இரும்பு இருக்கும், ஆனால் செடியால் எடுக்க முடியாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் தண்ணீரிலும் பைகார்பனேட் அதிகம். காரத்தன்மை ஏறினால் இரும்பு கரையாமல் கட்டிக்கொள்ளும். வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறது, ஆனால் பூட்டுக்குச் சாவி இல்லை என்ற கதைதான்.

தொட்டிச் செடி என்றால் மாற்றி வைத்துவிடலாம். 1880களில் பிரான்ஸில் இந்த மஞ்சள் வந்தது தொட்டியில் அல்ல. காக்னாக் என்று உலகமே பெயர் சொல்லிக் குடிக்கும் சரக்கு விளையும் மண்ணில், அங்கே புதிதாக நட்டுப் பார்த்த திராட்சைக் கொடிகளில் வந்தது. அந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் பியர் மாரி அலெக்சி மில்லார்தே. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் மில்லார்டெட். விவசாயம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், போர்டோ கலவைக்காக. ஆனால் அவருடைய இன்னொரு வேலை மண்ணுக்கு அடியில் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

டாக்டருக்குப் படிக்கப் போனவர்

1838 டிசம்பர் 13. கிழக்கு பிரான்ஸின் ஜூரா பகுதியில் மோன்மிரே லா வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார் மில்லார்தே. ஜூரா என்பதே சுண்ணாம்புப் பாறை மலைகளுக்குப் பேர் போன இடம். டைனோசர் காலத்தைக் குறிக்கும் ஜுராசிக் என்ற சொல் இந்த மலையிலிருந்து வந்ததுதான். சுண்ணாம்பு மண்ணோடு பின்னாளில் மல்லுக்கட்டப் போகிறவர் அங்கேயே பிறந்தது தற்செயல்தான், ஆனாலும் கவனிக்க வைக்கிறது இல்லையா?

முதலில் படித்தது மருத்துவம். பிறகு மனசு தாவரவியல் பக்கம் போனது. ஜெர்மனியில் ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகங்களில் போய்ப் படித்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களில் ஒருவர் ஆன்டன் டி பாரி. செடிகளுக்கு வரும் நோய்க்குப் பூஞ்சைதான் காரணம், நோய் வந்த பிறகு பூஞ்சை தோன்றுவதில்லை என்று அடித்து நிரூபித்தவர் அவர். அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோயின் பூஞ்சையை ஆராய்ந்தவரும் அவரே. இந்தப் பள்ளியில் பழகிய கண் பின்னாளில் ரொம்பவே கைகொடுத்தது.

பிரான்ஸ் திரும்பி 1869ல் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆசிரியர் ஆனார். அடுத்த வருடமே பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர். பிரான்ஸ் தோற்றது. ஸ்ட்ராஸ்பூர் நகரமே ஜெர்மனி கைக்குப் போனது. 1872ல் நான்சி, 1876ல் போர்டோ என்று இடம் மாறினார். போர்டோவுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே திராட்சைத் தோட்டங்கள் செத்துக்கொண்டிருந்தன.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

பேன் மாதிரி ஒரு பூச்சி. பெயர் ஃபிலாக்செரா. வட அமெரிக்காவிலிருந்து ஆராய்ச்சிக்கும் அலங்காரத்துக்கும் கொண்டுவந்த திராட்சைக் கொடிகளோடு கப்பலேறி வந்தது. 1860களில் தெற்கு பிரான்ஸில் கொடிகள் காரணமே இல்லாமல் காயத் தொடங்கின. 1868ல் தாவரவியலாளர் பிளாஞ்சோன் குழுவினர் வேரைத் தோண்டிப் பார்த்தபோதுதான் மஞ்சள் நிறத்தில் அப்பிக்கிடந்த பூச்சிகள் தெரிந்தன. செத்த கொடியில் பூச்சி இருக்காது, சாகப்போகும் கொடியில்தான் இருக்கும். அதனால்தான் அதுவரை யாருக்கும் சிக்கவில்லை.

அடி எவ்வளவு பெரியது என்றால், 1875ல் பிரான்ஸின் ஒயின் உற்பத்தி சுமார் 845 கோடி லிட்டர். 1889ல் அது 234 கோடி லிட்டர். அரசு அறிவித்த பரிசுத் தொகை 3 லட்சம் ஃபிராங்க் வரை போனது. வேரைச் சுற்றி கார்பன் டைசல்ஃபைடை ஊசி போட்டார்கள். தோட்டத்தையே வாரக்கணக்கில் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். காசு இருப்பவர்களுக்கும் ஆற்றங்கரையில் நிலம் இருப்பவர்களுக்கும்தான் இதெல்லாம் முடிந்தது.

இன்னொரு கூட்டம் வேறு வழி சொன்னது. பூச்சி வந்தது அமெரிக்காவிலிருந்து. அங்கே காட்டுத் திராட்சை சாகவில்லையே? அமெரிக்க வேரில் பூச்சி கடித்தாலும், கடித்த இடத்துக்குக் கீழே தக்கை மாதிரி ஒரு அடுக்கு உருவாகிக் காயம் மூடிவிடும். ஐரோப்பிய வேரில் காயம் புடைத்து, அழுகி, கொடியே போய்விடும். அப்படியென்றால் அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினால்? நம்மூர் ஒட்டு மாங்கன்று கணக்குதான். கீழே வேர்ச்செடி, மேலே பழம் தரும் ரகம்.

மில்லார்தே இந்தப் பக்கம் நின்றார். பூச்சியை ஆராய அறிவியல் அகாதமி கொடுத்த பொறுப்பில் இறங்கியவர், எந்த அமெரிக்க இனம் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று வேர் வேராகப் பார்த்துப் பதிவுசெய்தார். 1885ல் அதைப் புத்தகமாகவே போட்டார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அமெரிக்க வேர் வைத்தால் ஒயின் ருசி கெட்டுவிடும் என்று பயந்தவர்கள் ஏராளம். வியாதியைக் கொண்டுவந்தவன் கிட்டயே மருந்து வாங்குறதா என்ற கோபமும் இருந்தது. என்னைக் கேட்டால் அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. அது எப்படி என்று கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

நல்ல மண்ணில்தான் பிரச்னை

ரிப்பாரியா, ருபெஸ்ட்ரிஸ் என்ற இரண்டு அமெரிக்க இனங்கள் பூச்சியை நன்றாகத் தாங்கின. குச்சியை வெட்டி நட்டால் உடனே வேர் பிடித்தன. பிரச்னை முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் காக்னாக் பகுதியிலிருந்து கெட்ட செய்தி. நட்ட கொடிகள் மஞ்சளாகி, வெளுத்து, ஓரிரு வருடத்தில் சாகின்றன. பூச்சி காரணமில்லை. மண்தான் காரணம்.

ரிப்பாரியா அமெரிக்க ஆற்றங்கரைச் செடி. சுண்ணாம்பு குறைந்த வண்டல் மண்ணில் பழகியது. காக்னாக்கின் மிகச் சிறந்த பிராந்தி வரும் நிலமோ வெள்ளை வெளேர் என்ற சாக்பீஸ் மண். ஷாம்பெய்னும் அப்படித்தான். அதாவது எந்த மண்ணின் பெயரால் பாட்டிலுக்கு விலை கிடைக்கிறதோ, அந்த மண்ணில்தான் புது வேர் சாகிறது. காக்னாக் வட்டாரத்தில் 1870களில் சுமார் 2,80,000 ஹெக்டேர் இருந்த திராட்சை, 1893 வாக்கில் 40,000 ஹெக்டேர் சொச்சமாகச் சுருங்கியது. ஊரை விட்டுப் போனவர்கள் போக, மிச்சம் இருந்தவர்களில் பலர் மாடு வளர்த்துப் பாலுக்கு மாறினார்கள். அந்தப் பகுதி வெண்ணெய்க்குப் பெயர் வாங்கியது இப்படித்தான்.

இங்கே ஒரு விஷயம். நம்மூரில் களர் நிலம் என்று சொல்வது வேறு, அதில் சோடியம்தான் வில்லன். இது கால்சியம் கார்பனேட். மண்ணில் மொத்தச் சுண்ணாம்பு எவ்வளவு என்பதைவிட, அதில் பொடிப்பொடியாக, சீக்கிரம் கரையக்கூடிய பகுதி எவ்வளவு என்பதுதான் வேருக்கு முக்கியம். கல்லாகக் கிடக்கும் சுண்ணாம்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. மாவாக இருப்பதுதான் இரும்பைப் பூட்டும். இதை இன்று செயல்படு சுண்ணாம்பு என்று தனியாக அளக்கிறார்கள். ரிப்பாரியா ரகம் தாங்குவது சுமார் 6 சதவீதம். ருபெஸ்ட்ரிஸ் 14 சதவீதம் வரை.

இரும்பு உப்பைத் தெளித்தால் மஞ்சள் இலை பச்சையாகும் என்று 1840களிலேயே யூசெப் கிரி என்ற பிரெஞ்சுக்காரர் காட்டிவிட்டார். நம்மூரில் நிலக்கடலை மஞ்சளானால் இன்றும் அன்னபேதி கரைத்துத் தெளிக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கொடிக்கு வருடா வருடம் அதைச் செய்துகொண்டே இருக்க முடியுமா? மண்ணை மாற்ற முடியாது. வேரை மாற்ற வேண்டும்.

41பி நாற்று

டெக்ஸாஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் பெர்லாண்டியேரி என்ற காட்டுத் திராட்சை இருக்கிறது. பூச்சியையும் தாங்கும், சுண்ணாம்பையும் தாங்கும். அப்புறம் என்ன, அதையே நட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். பெர்லாண்டியேரி குச்சியை வெட்டி நட்டால் சுலபத்தில் வேர் பிடிக்காது. லட்சக்கணக்கில் கன்று தேவைப்படும் இடத்தில் வேர் பிடிக்காத வேர்ச்செடியை வைத்து என்ன செய்வது!

மில்லார்தேவின் யோசனை கலப்பு. கூட்டாளியாக அமைந்தவர் தெற்கு பிரான்ஸில் பெசனாஸ் பக்கம் நிலம் வைத்திருந்த சார்ல் டி கிராசே. பேராசிரியருக்கு அறிவு இருந்தது, நிலப்பிரபுவுக்கு இடமும் பொறுமையும் இருந்தது.

வேலை எப்படி இருக்கும் தெரியுமா? திராட்சைப் பூ கடுகு சைஸ். மேலே ஒரு தொப்பி. பூ தானாக விரிவதற்கு முன்பே அந்தத் தொப்பியையும் மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். வேற்று இனத்தின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பையைப் போட்டு மூட வேண்டும். காய் பிடித்து, பழுத்து, விதை எடுத்து, நட்டு, முளைத்த ஒவ்வொரு நாற்றுக்கும் எண் போட வேண்டும். ஒரே பழத்தின் விதைகள் என்றாலும் ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பிறகு பூச்சி வருகிறதா, மஞ்சளாகிறதா, வேர் பிடிக்கிறதா, ஒட்டு ஏற்கிறதா என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை தேறாது.

1882ல் ஐரோப்பிய ஷாஸ்லா திராட்சையையும் பெர்லாண்டியேரியையும் சேர்த்ததில் வந்தது 41பி. பல நூற்றாண்டுகளாகச் சுண்ணாம்பு மண்ணில் பழகிய ஐரோப்பியக் கொடியிலிருந்து மண்ணைத் தாங்கும் குணமும் வேர் பிடிக்கும் குணமும், பெர்லாண்டியேரியிலிருந்து பூச்சியைத் தாங்கும் குணமும் கிடைத்தன. செயல்படு சுண்ணாம்பு 40 சதவீதம் வரை தாங்கும். ரிப்பாரியாவின் 6 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் அப்போது மெண்டல் விதிகள் யாருக்கும் தெரியாது. மெண்டல் 1866லேயே எழுதிவிட்டார், ஆனால் உலகம் அதைக் கவனித்தது 1900ல்தான். எந்தக் குணம் எப்படி இறங்கும் என்ற கணக்கே கையில் இல்லாமல், கண்ணையும் நோட்டுப் புத்தகத்தையும் நம்பிச் செய்த வேலை இது.

1887ல் பிரெஞ்சு அரசு பியர் வியாலா என்ற பேராசிரியரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. சுண்ணாம்பைத் தாங்கும் கொடியைக் கண்டுபிடித்து வா என்பதுதான் வேலை. டெக்ஸாஸில் டெனிசன் ஊர்க்காரரான திராட்சை வல்லுநர் மன்சன் அவருக்கு வழிகாட்டினார். வியாலா திரும்பி வந்து அடித்துச் சொன்ன பெயர்களில் முதன்மையானது பெர்லாண்டியேரி. அடுத்த வருடமே மன்சனுக்கு பிரெஞ்சு அரசின் விருது கிடைத்தது. டெனிசனும் காக்னாக்கும் இன்றும் சகோதர நகரங்கள். ஆக, அரசு ஆள் அனுப்பித் தேடுவதற்கு 5 வருடம் முன்பே மில்லார்தேவும் கிராசேவும் அதே இனத்தை வைத்துக் கலப்பு செய்திருந்தார்கள்.

எல்லோரும் கைதட்டிவிடவில்லை. ஐரோப்பிய ரத்தம் கலந்த வேரைப் பூச்சி ஒருநாள் தின்றுவிடும் என்ற சந்தேகம் வெகுகாலம் இருந்தது. அது வெட்டி பயமும் இல்லை. வேறொருவர் உருவாக்கிய ஏஎக்ஸ்ஆர்1 என்ற வேர்ச்செடியிலும் பாதி ஐரோப்பிய ரத்தம்தான். கலிஃபோர்னியாக்காரர்கள் அதை நம்பி நட்டு, 1980களில் பூச்சியிடம் தோற்று, நாப்பா பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாகப் பிடுங்கி மறுபடி நட்டார்கள். 41பி மட்டும் தாக்குப்பிடித்தது. ஷாம்பெய்ன் பகுதியில் இன்றும் அதிகம் நடப்படும் வேர்ச்செடி அதுதான். குறை இல்லாமல் இல்லை. நூற்புழுவுக்கு அது எளிதில் இரையாகும்.

அதே கூட்டணி தந்த 101-14, 420ஏ வேர்ச்செடிகளும் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கின்றன. பெயருக்குப் பின்னால் எம்ஜி என்று இருந்தால் மில்லார்தே, கிராசே என்று அர்த்தம். எம்ஜி காரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!

மருந்தோடு வந்த வியாதி

இப்போது அந்தக் கோபத்தின் நியாயத்துக்கு வருவோம். பூச்சிக்குத் தீர்வாக அமெரிக்கக் கொடிகளைக் கப்பல் கப்பலாக இறக்கியபோது, அவற்றோடு இன்னொன்றும் இறங்கியது. அடிச்சாம்பல் நோய். 1878ல் பிரான்ஸில் முதன்முதலாகக் கண்டார்கள். இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சை படரும், இலை கொட்டும், பழம் பழுக்காது. அமெரிக்க வேரை ஆதரித்தவர்களில் ஒருவர் மில்லார்தே. அந்த வகையில் இந்தத் தலைவலியில் அவர் தரப்புக்கும் பங்கு உண்டு.

1882 அக்டோபர். 41பி உருவான அதே வருடம். மெடோக் பகுதியில் சாங் ஜூலியன் ஊர் வழியாகப் போனவர் கண்ணில் ஒரு காட்சி பட்டது. தோட்டம் முழுக்க இலை கொட்டிக்கிடக்கிறது. சாலையோரம் இருந்த வரிசைகளில் மட்டும் இலை அப்படியே இருக்கிறது. இலை மேல் நீலமாக ஏதோ பூச்சு. விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிப்பது அங்கே வழக்கமாம். பார்க்க விஷம் மாதிரி இருக்கும், யாரும் கை வைக்க மாட்டார்கள்.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். டி பாரியிடம் படித்தவருக்குப் பூஞ்சை ஞாபகம் வந்தது. தோட்ட மேலாளர் எர்னஸ்ட் டேவிட்டின் உதவியோடு வயலிலும், வேதியியலாளர் உலிஸ் கயோனோடு ஆய்வகத்திலும் சோதித்தார். தாமிரம் கொஞ்சம் இருந்தாலே பூஞ்சையின் வித்து முளைக்காது. மயில்துத்தத்தை மட்டும் தெளித்தால் இலை கருகும். சுண்ணாம்பு சேர்த்தால் கருகாது, மழையிலும் சீக்கிரம் கழுவிப் போகாது. 1885ல் செய்முறையை வெளியிட்டார். 100 லிட்டர் தண்ணீரில் 8 கிலோ மயில்துத்தம், 30 லிட்டர் தண்ணீரில் 15 கிலோ சுண்ணாம்பு என்பது முதல் கணக்கு. அதுதான் போர்டோ கலவை. வேரில் எதிரியாக இருந்த சுண்ணாம்பு இலையில் கூட்டாளி ஆனது.

நம்மூர் வேளாண் துறை சொல்லும் 1 சதவீதக் கலவை ரொம்ப லேசானது. 100 லிட்டருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. மயில்துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. கம்பம் பள்ளத்தாக்கு திராட்சை விவசாயிகளிடம் கேட்டால் இதைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள்.

இலங்கையை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. 1869ல் அங்கே காபிச் செடியில் துரு நோய் வந்தது. அதுவும் பூஞ்சைதான். தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த காபித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1885ல் இந்தச் செய்முறை அச்சில் வந்தபோது அங்கே காபி அநேகமாக முடிந்து, தேயிலை வந்துவிட்டது.

தாமிரத்துக்கும் ஒரு விலை உண்டு. அது மட்கிப் போகாது, மண்ணிலேயே தங்கும். நூறு வருடத்துக்கு மேல் தெளித்த பழைய திராட்சைத் தோட்டங்களில் அது சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இப்போது 7 வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

கடைசி வருடங்கள்

1890களிலும் அவர் ஓயவில்லை. ஸ்ட்ராபெர்ரியில் கலப்பு செய்தபோது, சில நாற்றுகள் இரண்டு பெற்றோரின் கலவையாக இல்லாமல் ஒருவரை மட்டும் உரித்துவைத்த மாதிரி வருவதைக் கவனித்து 1894ல் எழுதினார். மெண்டலை மீண்டும் கண்டெடுத்தவர்கள் காலத்திலும் இது விவாதமானது.

1902 டிசம்பர் 15, போர்டோவில் இறந்தார். 64 வயது முடிந்து இரண்டே நாள். அந்த நேரத்தில் பிரான்ஸின் பெரும்பாலான தோட்டங்கள் ஒட்டுக் கொடிகளுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஷாம்பெய்னில் இன்று நிற்கும் ஒவ்வொரு 41பி வேரும் 1882ன் அந்த ஒற்றை நாற்றிலிருந்து குச்சி குச்சியாக வெட்டி வளர்த்ததுதான். விதையில் வந்தது ஒரே ஒருமுறை.

அதற்கும் மேலே சுண்ணாம்பு உள்ள மண்ணுக்காக, 1970களில் போர்டோவின் அரசு ஆராய்ச்சி நிலையம் இன்னொரு வேர்ச்செடியை வெளியிட்டது. பெயர் ஃபெர்கால். இரும்பு, சுண்ணாம்பு என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களின் முன்பாதியை ஒட்டி வைத்த பெயர். அதன் பரம்பரையிலும் இருப்பது அதே கூட்டுதான்: ஒரு பக்கம் ஐரோப்பியத் திராட்சை, இன்னொரு பக்கம் டெக்ஸாஸ் குன்றுகளின் பெர்லாண்டியேரி.